யூதத் தாய்க்கு ஓய்வு எப்போது? – கேள்வி பதில்

இஸ்ரேலில் வாழும் யூதத் தாய்மார்களின் வாரம் எப்படிக் கழிகிறது, அவர்களுக்கு விடுமுறை என்று ஒன்று உண்டா என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஜெருசலேமில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி: சனிக்கிழமை சமையலே கூடாது என்கிறார்களே. அப்படியானால் யூதத் தாய்க்கு வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கிடைத்துவிடுகிறது அல்லவா?

பாதி உண்மை. ஷபாத் எனப்படும் ஓய்வுநாள், வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்னர் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் நீடிக்கிறது. சமைப்பது, தீ மூட்டுவது, துவைப்பது, தைப்பது, எழுதுவது என 39 வகை வேலைகளை மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பு விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் அதே நாளில் மூன்று வேளை நல்ல உணவு உண்ண வேண்டும் என்பதும் மரபு. ஆகவே வேலை குறைவதில்லை. வியாழக்கிழமை இரவுக்கும் வெள்ளிக்கிழமைக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான ஊர்களில் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பாக மெழுகுவத்தி விளக்கேற்றி ஓய்வுநாளைத் தொடங்குவார்கள். ஜெருசலேமில் 40 நிமிடம் முன்பாகவே ஏற்றுவது வழக்கம் என்பதால், டிசம்பரில் மாலை நான்கு மணியளவிலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சமையலை முடித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மின்விளக்கைப் போடுவதும் அணைப்பதும் அன்று கூடாது என்பதால் விளக்குகள் தாமாக அணையும்படி நேரக் கருவியைத் திருப்பி வைத்து, குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் எரியும் விளக்கைக்கூட முன்கூட்டியே செயலிழக்கச் செய்துவிட்டுத்தான் அவள் மெழுகுவத்தி ஏற்றுவாள்.

ஏற்றிய பிறகு நிலைமை தலைகீழ். தொலைபேசி இல்லை, துவைக்கும் இயந்திரம் இல்லை, அலுவலக மின்னஞ்சல் இல்லை. தான் உட்கார்ந்திருப்பதற்கு அவள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. என் பார்வையில் ஷபாத் தாய்க்குத் தரும் பெரிய சலுகை இதுதான்.

கேள்வி: அடுப்பு மூட்டாமல் சனிக்கிழமை மதியம் சூடான உணவு எப்படிக் கிடைக்கிறது?

பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் போட்டு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் வேகவைத்து, மெல்லிய சூட்டில் இரவு முழுவதும் விட்டுவிடுவார்கள். கிழக்கு ஐரோப்பிய மரபினர் இதைச் சோலண்ட் என்பார்கள். மற்றவர்கள் பொதுவாக ஹமீன் என்பார்கள். முட்டையை ஓட்டோடு உள்ளே வைப்பவர்களும் உண்டு. காலையில் அது பழுப்பேறி வெளிவரும்.

கேள்வி: வேலைக்குப் போகும் தாய்க்கு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை உண்டா?

இல்லை. இஸ்ரேலில் ஞாயிறு வாரத்தின் முதல் வேலைநாள். 1951ஆம் ஆண்டின் வேலைநேரச் சட்டம் வாரத்திற்குக் குறைந்தது 36 மணி நேரத் தொடர் ஓய்வை உறுதி செய்கிறது. யூதர்களுக்கு அது சனிக்கிழமையை உள்ளடக்கியதாக இருக்கும். பெரும்பாலான அலுவலகங்கள் வெள்ளிக்கிழமையும் இயங்குவதில்லை. ஆனால் தொடக்கப் பள்ளிகள் அன்று நண்பகல்வரை நடக்கும். அலுவலகமும் இல்லாமல், பிள்ளைகளும் வீட்டில் இல்லாமல் ஒரு தாய்க்கு வாய்க்கும் நேரம் அந்தச் சில மணி மட்டுமே. சமயப் பிடிப்பு இல்லாத தாய்மார்கள் பலர் அதைத் தோழியருடன் காபிக் கடையில் கழிப்பார்கள். ஷபாத்தைக் கடைப்பிடிப்பவர்களுக்கோ அந்நேரம்தான் வாரத்தின் உச்சக்கட்ட வேலை. ஜெருசலேமின் மஹனே யெஹுதா சந்தையில் வெள்ளிக்கிழமை காலை நடக்க இடமிருக்காது.

கேள்வி: கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஷபாத் அன்று வெளியே போக முடியுமா?

ஊரைப் பொறுத்தது. விலக்கப்பட்ட 39 வகைகளில் பொது இடத்தில் பொருளைச் சுமந்து செல்வதும் ஒன்று. குழந்தையைத் தூக்கிச் செல்வதும் தள்ளுவண்டியை உருட்டிச் செல்வதும் அதில் அடங்கும். இதற்கு வழியாக, கம்பங்களை நட்டு, அவற்றின் மேல் கம்பி இழுத்து, ஊரின் ஒரு பகுதியையோ முழு ஊரையோ ஒரே வளாகமாகக் கருதச் செய்வார்கள். அதற்கு ஏருவ் என்று பெயர். இஸ்ரேலின் பெரும்பாலான ஊர்களில் இது உண்டு. நியூயார்க்கின் மன்ஹாட்டனிலும் உண்டு. எங்காவது கம்பி அறுந்திருக்கிறதா என்று வாரந்தோறும் சோதிப்பார்கள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு வெறும் கம்பியாகத் தெரிவது, அறுந்துபோன வாரத்தில் யாருக்குச் சுமையாகிறது என்று பாருங்கள். கணவர் தொழுகைக்கூடத்திற்கு நடந்து போய்விடுவார். நடக்கத் தெரியாத பிள்ளையுடன் தாய் நாள் முழுவதும் நான்கு சுவர்களுக்குள் இருப்பாள். புது வீடு தேடும் இளம் தம்பதியர் அந்தப் பகுதியில் ஏருவ் இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பதில் வியப்பில்லை.

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவு கணவர் மனைவியைப் புகழ்ந்து பாடுவாராமே?

ஆம். விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில் 31ஆம் அதிகாரத்தின் கடைசி 22 வசனங்களை உணவுக்கு முன் பாடுவது பல குடும்பங்களில் வழக்கம். விடியுமுன் எழுந்து வீட்டாருக்கு உணவளிப்பவள், இரவிலும் விளக்கை அணையவிடாதவள் என்று அப்பாடல் குணசாலியான பெண்ணைப் போற்றுகிறது. அப்படியானால் அவள் எப்போதுதான் தூங்கினாள் என்று அப்பாடல் சொல்வதில்லை! யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாதவர்களின் பட்டியல் இருக்கிறது. நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, அந்நியன் என்று எல்லாரையும் சொல்லும் அந்தப் பட்டியலில் மனைவி தனியாக இடம்பெறவில்லை. ‘நீ’ என்பதில் கணவனும் மனைவியும் அடக்கம் என்பது விளக்கம். விளக்கம் சரியாகவே இருக்கட்டும்; வெள்ளிக்கிழமை மதியம் சமையலறையில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது வீட்டுக்கு வீடு மெய்யாகிறது.

கேள்வி: ஷபாத் அன்று குழந்தைக்கு உடல்நலம் கெட்டுவிட்டால்?

உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் எழுந்தாலே போதும். ஷபாத் விதிகள் விலகி நிற்கும். வண்டி ஓட்டலாம், தொலைபேசியில் பேசலாம். தயங்கக் கூடாது என்பதே சட்டம்.

கேள்வி: இஸ்ரேலில் அன்னையர் தினம் உண்டா?

இருந்தது, இப்போது அது குடும்ப நாள். ஹென்ரியட்டா சோல்ட் மறைந்த நாளான எபிரேய நாட்காட்டியின் ஷெவாட் மாதம் 30ஆம் நாளில் அது வருகிறது. அமெரிக்காவில் 1860இல் பிறந்து, 1912இல் ஹடாசா மகளிர் அமைப்பைத் தொடங்கி, நாஜி ஐரோப்பாவிலிருந்து சிறுவர்களை அழைத்துவந்து வாழவைத்த பணிக்குத் தலைமை தாங்கியவர் அவர், 1945இல் மறைந்தார். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

கேள்வி: ஷபாத் விருந்துக்கு அழைத்தால் நான் என்ன கொண்டுபோகலாம்?

வீட்டில் சமைத்ததைத் தவிர்த்துவிடுங்கள். கோஷர், அதாவது யூத உணவு விதிகளுக்கு ஏற்றது, என்ற முத்திரையுள்ள இனிப்பு நல்லது. எதுவானாலும் விளக்கேற்றுவதற்கு முன்பே சேர்ப்பித்துவிடுங்கள். கழிப்பறை விளக்கைப் பழக்கத்தில் அணைத்துவிடாதீர்கள். அதை மீண்டும் போட அவர்களால் இயலாது. பாத்திரம் கழுவ உதவ விரும்பினால், அவ்விதிகளின்படி இறைச்சியையும் பாலையும் கலப்பதில்லை என்பதால், இறைச்சிக்கு உரிய தொட்டி எது, பாலுக்கு உரியது எது என்று வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.