ஏழு மாசக் கர்ப்பத்துல வேலையை விட்டு நிறுத்திட்டாங்க, இப்ப என்ன செய்ய?

தங்கச்சி, ஜவுளிக்கடை கணக்குப் பிரிவுல இருந்து "இனி வர வேண்டாம்"னு வாட்ஸ்அப்ல அனுப்பி 41 நாள் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல காலண்டரை எடுங்க. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நீக்கினா, தகவல் கிடைச்ச நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள தொழிலாளர் துறை அதிகாரிகிட்ட அப்பீல் போடணும். உங்க கையில 19 நாள்தான். பிரசவம் முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

நேரா மதுரை ஒத்தக்கடை பக்கம் ஹைகோர்ட் கிளைக்குப் போகலாம்னு நீங்க கேட்ட வக்கீல் சொன்னது எனக்குச் சரியாப் படல. தனியார் கடை மேல ரிட் (ஹைகோர்ட்ல நேரடியாப் போடுற மனு) போட்டா, "அப்பீல் வழி இருக்கே, அங்க போங்க"ன்னு திருப்பி விடத்தான் வாய்ப்பு அதிகம். அலைச்சல்ல உங்க 19 நாளும் ஓடிப்போயிரும்.

செட்டில்மென்ட் பணம் தர்றோம்னு கூப்பிட்டு ராஜினாமா கடிதத்துல கையெழுத்துக் கேப்பாங்க. போடவே போடாதீங்க. எங்க அக்கா போட்டுட்டா. அப்புறம் விசாரணையில "அவங்களாத்தான் நின்னாங்க"ன்னு அந்த ஒத்தைத் தாளை நீட்டினாங்க, நாங்க வாயடைச்சு நின்னோம்.

அந்த மெசேஜை தேதி, நம்பர் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, போன்ல இருந்தும் அழிக்காதீங்க. பிரசவ காலச் சம்பளம் கிடைக்க, பிரசவத்துக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. அதுக்கு சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட், பிஎஃப் பாஸ்புக் போதும். ஸ்கேன் ரிப்போர்ட்டும் சேர்த்துக்கங்க. நீக்கினது சரியில்லன்னு கடைக்கு ஒரு கடிதம் எழுதி, தல்லாகுளம் தபால் ஆபீஸ்ல ஸ்பீடு போஸ்ட்ல போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்க. வக்கீலுக்குக் காசு இல்லைன்னா ஜில்லா கோர்ட்ல இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.