சென்னை வெயிலில் குழந்தைகள் இல்லங்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுப்பதில் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் பெரம்பூர்க்காரர். அவரும் குடியிருப்பில் உள்ள சில பெண்களும் சேர்ந்து, தையல் கடைகளில் மிஞ்சும் கட்டிங் பீஸ்களை இணைத்து, ஆதரவில்லாத குழந்தைகளுக்குப் போர்வை தைத்துக் கொடுக்க நினைக்கிறார்கள். வெளிநாடுகளில் ‘குவில்ட்’ குழுக்கள் செய்கிற மாதிரி. வீட்டிலோ, “இந்த ஊர் வெயிலுக்குப் போர்வை எதற்கு? கடையில் பெட்ஷீட் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது” என்கிறார்களாம்.

போர்த்திக்கொள்ள என்றால் வீட்டில் சொல்வதுதான் சரி. மார்கழி விடியற்காலையில்கூட சென்னையில் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது செய்தி. ஆனால் பெரும்பாலான இல்லங்களில் பிள்ளைகள் தரையில்தான் படுக்கிறார்கள். சிமென்ட் தரைக்கும் முதுகுக்கும் நடுவே பாய் மேல் விரிக்க ஒன்று வேண்டும். மழைக்காலத்தில் அதையே இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். அப்படிப்பட்டதைத் தைப்பீர்கள் என்றால் தாராளமாகத் தொடங்குங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் சிலர் இந்த வேலையைச் செய்கிறோம். குழுவுக்குப் பெயர் கிடையாது, சந்தா கிடையாது. ஞாயிறு மதியம் யார் வீட்டு மெஷின் சும்மா இருக்கிறதோ அங்கே கூடுவோம்.

அமெரிக்காவில் இந்த வழக்கத்துக்கு நல்ல முன்மாதிரி உண்டு. ‘புராஜெக்ட் லைனஸ்’ என்ற அமைப்பு 1995-இல் கொலராடோவில் தொடங்கியது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த ஒரு சிறுமி, கஷ்டமான நாட்களில் தன் போர்வையைப் பிடித்துக்கொண்டுதான் தாக்குப்பிடித்தாள் என்று பத்திரிகையில் படித்த கேரன் லவுக்ஸ் என்பவர், டென்வரில் உள்ள குழந்தைகள் புற்றுநோய் மையத்துக்குப் போர்வை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். கார்ட்டூனில் எப்போதும் போர்வையோடு திரியும் லைனஸ் பையனின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த மனசை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் தைக்கிற பொருளை எடுத்துக்கொள்ள முடியாது. மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சுப் படலம், கீழே இன்னொரு துணி என்று மூன்று அடுக்கு, பனி பெய்கிற ஊருக்கானது.

துணியைத் தொடுவதற்கு முன் இல்லத்துக்குப் போய்ப் பேசுங்கள். நிர்வாகியிடம் மட்டும் பேசினால் போதாது. பிள்ளைகளின் துணியைத் துவைக்கிற அக்கா ஒருவர் இருப்பார், அவரைத் தேடிப்பிடியுங்கள். எங்கள் பக்கத்து இல்லம் ஒன்றில் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுக் குவில்ட் படத்தைக் காட்டினேன். அந்த அக்கா பார்த்துவிட்டு, “அழகா கீதுமா. ஆனா இத்த ஊற வெச்சா தூக்கறது யாரு?” என்றார். எனக்கு இந்த வேலையின் முழு இலக்கணமும் அந்த ஒரு கேள்விதான். கொடுக்கிறவர் கண்ணுக்குப் பிடிக்கிற மாதிரி தைப்பது சுலபம். துவைக்கிறவர் கைக்கு அடங்குகிற மாதிரி தைப்பதுதான் வேலை.

யோசித்துப் பாருங்கள். தூக்கத்தில் சிறுநீர் கழிக்கிற பிள்ளைகள் எந்த இல்லத்திலும் சிலராவது இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை பெய்தால் கொடியில் போட்ட கனத்த துணி காயாது, நாற்றம் பிடித்துவிடும். ஒரு பிள்ளைக்குச் சிரங்கு வந்தால் எல்லாருடைய படுக்கைத் துணியையும் ஒரே நாளில் வெந்நீரில் போட்டு அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். அந்த வெந்நீருக்குத் தாங்காத எதையும் கொடுக்கக் கூடாது. பஞ்சு வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தது அதனால்தான். பருத்திப் பஞ்சு, நெருக்கமாகத் தையல் போடாவிட்டால், இரண்டு சலவையில் உருண்டு திரண்டு மூலைக்கு ஓடிவிடும். பாலியஸ்டர் பஞ்சு சீக்கிரம் காயும்தான், ஆனால் சித்திரையில் அதன் மேல் படுத்தால் முதுகு நனைந்துவிடும். நடுவே வைக்கப் பழைய பருத்திப் புடவை ஒரு அடுக்கு போதும். வங்காளத்துக் காந்தா, மகாராஷ்டிரத்துக் கோதடி எல்லாமே பழைய புடவையை அடுக்கி நூலோட்டம் போட்டவைதானே. வெயிலில் வாழ்ந்தவர்கள் கண்டுபிடித்த வழி.

இனி துணி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு சுற்றுவட்டாரத்தில் தைக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கட்டிங் பீஸ் கிடைப்பதில் சிரமம் இருக்காது, தரம் பிரிப்பதில்தான் இருக்கும். பனியன் துணி இழுபடும், நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் ஒரே மாதத்தில் சுருண்டு நிற்கும். அதைத் தனியாக எடுத்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். எங்களோடு ஒரு பெரியவர் உட்காருவார், 1996-இல் மூடிய பின்னி துணி மில்லில் வேலை பார்த்தவர். அவருக்குத் தீப்பெட்டி தேவையில்லை, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் ஒதுக்கிய துணியை நாங்கள் கொளுத்திப் பார்த்ததும் உண்டு (அவர் இல்லாத நேரத்தில்தான்). அவர் சொன்னதே சரியாக இருக்கும்.

சாயம் போகிறதா என்று பார்க்காமல் எதையும் இணைக்க வேண்டாம். சிவப்பு, கருநீலம், சுங்குடியின் அடர்ந்த நிறங்கள் மூன்றின் மேலும் சந்தேகம் இருக்கட்டும். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், இன்றைய சாயங்களுக்கு அதை நம்ப முடியாது. எல்லாத் துணியையும் தைப்பதற்கு முன்பே வெந்நீரில் அலசிக் காயவைத்துவிடுங்கள். ஒன்று சுருங்கி இன்னொன்று சுருங்காமல் இருந்தால் முதல் சலவையிலேயே விரிப்பு முழுக்கக் கொசகொசவென்று ஆகிவிடும்.

அளவுக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது. ஆறரை அங்குலச் சதுரங்களாக வெட்டுகிறோம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஆறு அங்குலம் நிற்கும். குறுக்கே ஏழு, நெடுக்கே பத்து, ஆக எழுபது சதுரம். 42-க்கு 60 அங்குல விரிப்பு. பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் பிள்ளைகள் கால் நீட்டிப் படுக்கலாம். 42 என்று வைத்ததற்குக் காரணம் புடவைதான். புடவையின் அகலம் 44, 45 அங்குலம் இருக்கும், அதனால் அடித்துணிக்கு நடுவில் ஒட்டுப்போட வேண்டாம். இரண்டு பக்கமும் மிஞ்சுகிற ஒரு அங்குலத்தை மேலே மடித்து அடித்தால் அதுவே ஓரப் பட்டி. 63 அங்குல நீளத்துக்கு வெட்டினால் ஐந்தரை மீட்டர் புடவை ஒன்றில் மூன்று துண்டு வரும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஒரு விரிப்புக்கு இரண்டு துண்டு, ஒன்று நடுவே, ஒன்று அடியில். நைந்த புடவையை நடுவே வையுங்கள், கெட்டியானதை அடியில் வையுங்கள். நன்கொடையாக வரும் புடவைகளில் உட்கார்ந்து எழுந்த இடம் மட்டும் வெளுத்து இற்றுப்போயிருக்கும், அந்த இடத்தைத் தவிர்த்து வெட்ட வேண்டும்.

ரவிக்கை தைத்துப் பழகிய கை, பின்னால் பிரித்துவிட வேண்டுமே என்று தாராளமாகத் துணி விடும். இங்கே அது ஆகாது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடினால் இரண்டு துண்டிலும் அது போகும், ஆறு இணைப்பு முடிகிறபோது ஒன்றரை அங்குலம் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையோடு மூலை சேராது. மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு பிளாஸ்திரி ஒட்டிவைத்து, அதை ஒட்டியே துணியை ஓட்டச் சொல்லுங்கள், போதும்.

சதுரமாகவே வெட்ட வராத கோணல் துண்டுகள் நிறையச் சேரும். அதற்குக் கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்துப் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த ‘சித்தி’ இனப் பெண்களின் முறை கைகொடுக்கும். அவர்கள் முதலில் ஒட்டுத்துணியைத் தனியாகத் தைத்துவிட்டுப் பிறகு அடுக்குவதில்லை. அடித்துணியை விரித்து, ஓரத்திலிருந்து துண்டுகளை மடித்து வைத்து வைத்து, கையாலேயே நூலோட்டம் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அளவு தேவையில்லை, மெஷினும் தேவையில்லை. எங்கள் குழுவில் கண்ணாடி போட்டும் நூல் கோக்க முடியாத பாட்டி ஒருவர் இருக்கிறார். ஊசியில் நூல் கோத்து மட்டும் கொடுத்துவிட்டால் இந்த முறையில் அவர் எங்கள் எல்லாரையும்விட வேகம்.

குழந்தைகளுக்கான பொருள் என்பதால் சில விஷயங்களில் கறாராக இருங்கள். அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கக் குண்டூசி குத்தினால், எத்தனை குத்தினோம் என்று எழுதி வைத்து, எடுக்கும்போது எண்ணிச் சரிபாருங்கள். முடிந்த பிறகு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்க்கலாம். பட்டன், மணி, ஜிகினா, தொங்கும் நாடா எதுவும் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தூங்குகிற இடத்தில் தளர்வான போர்வையோ மெத்தென்ற துணியோ வைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. முகத்தில் விழுந்தால் மூச்சு அடைக்கும். கைக்குழந்தைகள் உள்ள இடத்துக்குக் கொடுத்தால், பகலில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது குப்புறப் போட்டு விளையாடவிடும் விரிப்பு இது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குக் கேட்காமல் மூட்டையோடு போய் நிற்காதீர்கள்.

ஆள் சேர்ப்பது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. வடசென்னையில் வீட்டில் மெஷின் வைத்திருக்கும் பெண்களில் பலர் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள். ஒரு மணி நேரம் என்றால் அவர்களுக்கு அது காசு. ‘சேவைதானே அக்கா’ என்று அவர்கள் தலையில் பத்து விரிப்பைக் கட்டிவிட்டு, துணி வெட்டியதற்கே நீங்கள் புண்ணியம் சேர்த்துக்கொள்வது நியாயமில்லை. மெஷின் தையலுக்குக் கூலி கொடுங்கள். வெட்டுவது, இஸ்திரி போடுவது, கையால் நூலோட்டம் போடுவது எல்லாம் நேரம் இருக்கிறவர்கள் செய்யட்டும். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் எந்த மாஸ்டரிடமும் போய் நிற்கவே வேண்டாம்.

சரி, கடையில் வாங்கிக் கொடுத்தால் முடிந்ததே என்ற கேள்விக்கு வருகிறேன். செலவையும் நேரத்தையும் மட்டும் பார்த்தால் அதுதான் புத்திசாலித்தனம். ஈரோட்டுப் பக்கத்துப் பெட்ஷீட் நம் கூலிக் கணக்கைவிட மலிவு. அவசரம் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் புகுந்ததே, அந்த மாதிரி நேரத்தில் சதுரம் வெட்டிக்கொண்டு உட்கார முடியாது.

ஆனால் இல்லத்தில் இருக்கிற பிள்ளைக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் வரும். ஒரே தட்டு, ஒரே நிறச் சட்டை, மூலையில் மார்க்கரில் நம்பர் போட்ட ஒரே பெட்ஷீட். கட்டிங் பீஸில் தைத்தது ஒன்று மாதிரி இன்னொன்று வரவே வராது. நம்பர் போடாமலே தன்னுடையது எது என்று பிள்ளைக்குத் தெரியும். யானை போட்ட துண்டு இருப்பது என்னுது, மஞ்சள் கட்டம் உன்னுது என்று அதுகளே பிரித்துக்கொள்ளும். நான் இதைச் செய்வதற்கு அந்த ஒரு காரணம் போதும். இதிலேயே சண்டையும் இருக்கிறது. முப்பது பிள்ளைகள் என்றால் முப்பதோடு போனால், கடைசியில் வருகிற பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது. நாலைந்து கூடுதலாகக் கொண்டுபோய், தரையில் எல்லாவற்றையும் விரித்துவிட்டு, அவர்களையே எடுக்க விடுங்கள். முப்பது சேரும்வரை பத்தாகவோ பதினைந்தாகவோ கொண்டுபோய்க் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

போட்டோ எடுப்பதும் வேண்டாம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் வீட்டுப் பிள்ளை யாரோ கொடுத்த விரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் வாட்ஸாப்பில் சுற்றினால் நமக்கு எப்படி இருக்கும்? விரிப்பை மட்டும் உங்கள் வீட்டு மாடிக் கொடியில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அழகாகவே விழும்.

கொடுத்துவிட்டு வந்த பிறகு ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். எங்களுக்கு முதலில் பிரிவது ஓரம்தான், அதனால் இப்போது அங்கே இரட்டைத் தையல் போடுகிறோம். போகும்போது ஒரு பையில் அதே துணிகளின் மிச்சம், ஊசி, நூல்கண்டு எடுத்துப் போங்கள். பெரிய பிள்ளைகள் கூட உட்கார்ந்துகொள்வார்கள், ஒட்டுப் போடக் கற்றுக்கொடுக்கலாம். ஊசிகளை மட்டும் கிளம்புமுன் எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள்.