கூடைப்பந்து கேள்வி–பதில்: ஜெயித்தால் மட்டும் போதுமா?

குன்னூர் வாசகர்: ஆசியக் கோப்பைக்கு இந்திய அணி நேரடியாகப் போகாதா? தகுதிச் சுற்று என்று ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தார்களே, அது எப்படி?

2025 ஆசியக் கோப்பையில் இடம் 16 அணிகளுக்கு. தகுதிச் சுற்றில் இறங்கியவை 24. நான்கு அணி வீதம் ஆறு பிரிவு. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என மொத்தம் ஆறு ஆட்டம். 2024 பிப்ரவரி, 2024 நவம்பர், 2025 பிப்ரவரி என்று மூன்று தவணையாக ஆடினார்கள். அதனால்தான் ஒரு வருஷம் இழுத்தது. பிரிவில் முதல் இரண்டு இடம் பிடித்த 12 அணிகள் நேராக உள்ளே. மூன்றாம் இடத்து ஆறு அணிகளை மும்மூன்றாகப் பிரித்து இன்னொரு சுற்று வைத்து, நான்கை எடுத்தார்கள்.

ஈரான், கத்தார், கஜகஸ்தான் இருந்த பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். 2025 மார்ச்சில் பஹ்ரைன், ஈராக் அணிகளோடு மோதித் தேறி, ஆகஸ்டில் ஜெட்டாவில் ஆடியது. 2024 நவம்பரில் கத்தாரையும் கஜகஸ்தானையும் இந்தியா சந்தித்தது நம் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில்தான். மலையிலிருந்து ராத்திரி பஸ் ஏறிக் காலையில் சென்னை சேர்ந்திருந்தால் பார்த்திருக்கலாம். அடுத்த முறை விட்டுவிடாதீர்கள்.

கோத்தகிரி வாசகர்: அரை நிமிஷம்தான் பாக்கி. 14 புள்ளி பின்தங்கிய அணி டைம் அவுட் கேட்கிறது. முன்னணியில் இருப்பவர்களும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காமல் மூன்று புள்ளிக்கு வீசுகிறார்கள். தோல்வி உறுதியான பிறகு இது எதற்கு?

தகுதிச் சுற்றில் ஆட்டம் முடிந்தாலும் கணக்கு முடிவதில்லை. இரண்டு அணிகள் சம வெற்றியில் நின்றால், முதலில் பார்ப்பது அந்த இரண்டும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டுமே. வெளியூரில் 8 புள்ளியில் தோற்ற அணி, சொந்த ஊரில் 9 புள்ளியில் ஜெயித்தால் மேலே போகும். 7 புள்ளியில் ஜெயித்தால் கீழேதான். 14ஐ 8 ஆகக் குறைத்துத் தோற்பது மறு ஆட்டத்துக்குப் போட்டு வைக்கும் முதலீடு. சரியாக 8ல் தோற்று 8லேயே ஜெயித்தால்? இருவரும் போட்ட மொத்தப் புள்ளியும் தானாகவே சமமாகிவிடும். அப்போதுதான் பிரிவின் எல்லா ஆட்டங்களின் வித்தியாசத்தையும் எடுப்பார்கள்.

மூன்று அணிகள் சமமானால்தான் பலர் தடுமாறுகிறார்கள். நம் ஊர்ப் பெயரிலேயே பார்ப்போம். ஒரு லீக்கில் ஊட்டி குன்னூரை 6ல் வென்றது. குன்னூர் கோத்தகிரியை 10ல் வென்றது. கோத்தகிரி ஊட்டியை 3ல் வென்றது. மூவருமே நான்காவது அணியான கூடலூரை வென்றுவிட்டார்கள். இப்போது புள்ளி வித்தியாசத்தில் குன்னூர் +4, ஊட்டி +3, கோத்தகிரி −7. ஊட்டி கூடலூரை 40 புள்ளியில் நசுக்கியிருந்தாலும் இங்கே செல்லாது; சமநிலையில் உள்ள மூவருக்குள் நடந்த ஆட்டங்கள் மட்டுமே கணக்கு. பலவீனமான அணியைப் போட்டு அடித்துவிட்டு ‘வித்தியாசம் இருக்கு சார்’ என்று நிம்மதியாக இருக்கும் பயிற்சியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு குறுக்குப் புத்தியும் உண்டு. 9ல் ஜெயிக்க வேண்டிய அணி, கடைசி விநாடியில் 2 புள்ளிதான் முன்னால் நிற்கிறது. தன் கூடையிலேயே பந்தைப் போட்டு ஆட்டத்தைச் சமமாக்கி, கூடுதல் 5 நிமிஷத்தில் வித்தியாசத்தை ஏற்றலாமே? முடியாது. வேண்டுமென்றே சொந்தக் கூடையில் போட்டால் அது விதிமீறல், புள்ளி சேராது.

டைம் அவுட்டுக்கும் தனிக் காரணம் உண்டு. கடைசி இரண்டு நிமிஷத்துக்குள், தன் பாதியில் பந்து வைத்திருக்கும் அணி டைம் அவுட் எடுத்தால், எதிர்ப் பாதியிலிருந்தே பந்தை உள்ளே போட்டுத் தொடங்கலாம். அரை மைதானம் ஓடும் நேரம் மிச்சம். ஆனால் இரண்டாம் பாதிக்கு உள்ள மூன்று டைம் அவுட்டில், இந்தக் கடைசி இரண்டு நிமிஷத்தில் எடுக்க முடிவது இரண்டுதான்.

மஞ்சூர் வாசகி: தோற்றவர்களுக்கும் ஒரு புள்ளி தருகிறார்களே, ஆறுதல் பரிசா?

இல்லை. வெற்றிக்கு 2, தோல்விக்கு 1, ஆட வராமல் போனால் 0. வராத அணிக்கு 20–0 என்று தோல்வியும் எழுதுவார்கள்.

குன்னூர் வாசகி: என் அண்ணன் மகன் கனடாவில் பிறந்தவன், நன்றாக ஆடுவான். ஓசிஐ அட்டை இருக்கிறது. இந்தியாவுக்கு ஆடலாமா?

ஆட முடியாது. ஓசிஐ என்பது குடியுரிமை அல்ல. இந்திய அணிக்கு இந்திய பாஸ்போர்ட் வேண்டும். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமையும் இல்லை, ஆகவே கனடா பாஸ்போர்ட்டை விட வேண்டியிருக்கும். அப்படி விட்டாலும் வயது முக்கியம். 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களில் ஓர் அணிக்கு ஒருவர்தான் என்பது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி. பையன் சின்னவன் என்றால் குடும்பமாக உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள்.

ஊட்டி உடற்கல்வி ஆசிரியர்: இங்கே சரியாகக் காற்றடித்த பந்து, கோவையில் மண்டலப் போட்டிக்குப் போனதும் சப்பென்று ஆகிவிடுகிறது. வால்வு கசிவா?

பெரும்பாலும் கசிவு இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கோவை 400 மீட்டரை ஒட்டி. கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் ஊட்டியைவிடக் கிட்டத்தட்ட 3 பவுண்ட் அதிகம். கேஜ் காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். வெயிலில் உள்காற்று விரிந்து ஓரளவு ஈடுகட்டும். 15 டிகிரியில் ஊட்டியில் 8 பவுண்ட் அடித்த பந்து, 32 டிகிரி கோவையில் சுமார் ஆறேகால் பவுண்ட் காட்டும். திருப்பிச் சொன்னால், கோவையில் 8 அடித்து மேலே கொண்டுவந்தால் குளிர்ந்த பிறகும் ஒன்பதரைக்கு நிற்கும். கல் மாதிரி துள்ளும்.

அதனால் இறங்கிய இடத்தில், பந்து அந்த ஊர்ச் சூட்டுக்கு வந்த பிறகு, ஒரு மணி நேரம் கழித்து அடியுங்கள். பஸ் மேல் வெயிலில் கிடந்த பந்தை உடனே அளக்காதீர்கள். வால்வு பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுதான் எல்லை. பெரும்பாலான பந்துகளில் 7 முதல் 9 பவுண்ட். ஊசியை ஈரமாக்கிச் சொருகுங்கள். காய்ந்த ஊசி வால்வு ரப்பரைக் கிழிக்கும். நிஜக் கசிவு அங்கேதான் பிறக்கிறது. கேஜ் இல்லையென்றால் பழைய சோதனை இருக்கிறது: பந்தின் அடிப்பகுதி 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விடுங்கள். துள்ளும்போது பந்தின் மேல்பகுதி 1.2 மீட்டருக்கும் 1.4 மீட்டருக்கும் இடையே வர வேண்டும். சுவரில் இரண்டு சாக்பீஸ் கோடு போதும். காலை ஏழு மணிக் குளிரில் ரப்பர் விறைத்திருக்கும், அப்போது சோதிக்காதீர்கள்.

பந்தைச் சரிசெய்தாலும் பிள்ளைகளின் உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அவ்வளவு நாள் யாரும் விடமாட்டார்கள். இரண்டு நாள் முன்னதாக இறங்கினாலே வித்தியாசம் தெரியும். உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ கையில் இருக்கட்டும்.

கொடைக்கானல் வாசகர்: எங்கள் மைதானத்தில் இன்னும் பழைய கோடுகள். புதிதாகப் போட வேண்டும். அளவு சொல்லுங்கள்.

வளையத்தடியில் சரிவகம் வரைந்திருந்தால் அது 2010க்கு முந்தைய மைதானம். அங்கே பழகிய பிள்ளை 6.25 மீட்டரில் வீசிப் பழகி, போட்டியில் அரை மீட்டர் குறைவாகப் போடும்.

இப்போது வளையத்தடிப் பகுதி செவ்வகம்: அகலம் 4.9 மீட்டர், வளையத்துக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து ஃப்ரீ த்ரோ கோட்டின் வெளிவிளிம்பு வரை 5.8 மீட்டர். மூன்று புள்ளி வளைவு 6.75 மீட்டர். இதைப் பலகையிலிருந்தோ எல்லைக்கோட்டிலிருந்தோ அளப்பதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தப்பு. வளையத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் ஆணி அடித்து அங்கிருந்து அளக்க வேண்டும். அந்தப் புள்ளி எல்லைக்கோட்டிலிருந்து 1.575 மீட்டரில் விழாவிட்டால் கம்பம் சாய்ந்திருக்கிறது. முதலில் அதை நிமிர்த்துங்கள். நைலான் கயிறு இழுபடும், இரும்பு டேப்தான் சரி. வளைவின் உச்சி எல்லைக்கோட்டிலிருந்து 8.325 மீட்டரில் வந்தால் வேலை சரி.

ஓரங்களில் பக்கக்கோட்டிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி நேர்கோடு. 15 மீட்டர் அகல மைதானத்தில் அதன் நீளம் 2.99 மீட்டர். ஆனால் மலைச்சரிவை வெட்டிப் போட்ட மைதானங்கள் பல 14 மீட்டர்தான் இருக்கும். அங்கே அதே 2.99ஐப் போட்டால் நேர்கோடும் வளைவும் ஒன்றோடொன்று சேராது; 4.46 மீட்டர் வரை நேர்கோட்டை நீட்ட வேண்டும். எல்லாக் கோடும் 5 சென்டிமீட்டர் தடிமன்.

பெயின்ட் அடிக்கும் முன் பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய விடுங்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். காலைப் பனி போன பிறகு பத்து மணிக்குத் தொடங்கி, மதிய மூடுபனிக்கு முன் முடித்துவிடுங்கள். ஈரத்தரையில் அடித்த பெயின்ட் ஒரே மழையில் உரிந்து வரும். வழவழப்பான எனாமல் வேண்டாம், சாலைக்கு அடிக்கும் பெயின்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.