பழைய போர் விமான சிமுலேட்டர் கேம்களை இன்றைக்கு விளையாடுவதில் அப்படி என்ன இருக்கிறது? என்னென்ன தொல்லை வரும்?

1988-லிருந்து 2001 வரை வந்தவற்றில் நாலைந்து கேம்கள் இன்றைக்கும் உட்கார்ந்து விளையாடத் தகுந்தவை. பழைய நினைப்புக்காக இதைச் சொல்லவில்லை. இன்றைய சிமுலேட்டரில் ஒரு விமானத்தின் ஸ்விட்சுகளைப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். பழையவற்றில் பலவற்றில் பத்து நிமிடத்தில் வானத்தில் இருப்பீர்கள். அதன்பிறகு முழுக்க முழுக்க யோசனைதான்.

மைக்ரோப்ரோஸ் நிறுவனம் 1988-ல் வெளியிட்ட எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காக்பிட்டில் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். உங்கள் விமானம் ரேடாருக்கு எந்த அளவு தெரிகிறது என்பது கீழிருந்து ஏறும் பட்டை. எதிரி ரேடாரின் பலம் மேலிருந்து இறங்கும். இரண்டும் தொட்டுக்கொண்டால் மாட்டிக்கொண்டீர்கள். தாழப் பறந்தால், வேகத்தைக் குறைத்தால் உங்கள் பட்டை இறங்கும். குண்டு போடக் கதவைத் திறந்தால் சட்டென்று எகிறும். ரேடாரிலும் இரண்டு வகை. பல்ஸ் ரேடாருக்கு விமானத்தின் பக்கவாட்டைக் காட்டக் கூடாது, மூக்கையோ வாலையோ காட்ட வேண்டும். டாப்ளர் ரேடாருக்கு இது அப்படியே தலைகீழ்: நெருங்குவதும் விலகுவதும்தான் அதற்குத் தெரியும், அதனால் குறுக்கே பறக்க வேண்டும். இரண்டு வகையும் ஒரே பாதையில் இருந்தால் எதற்கு முகம் கொடுப்பது, எதற்குப் பக்கம் கொடுப்பது? அந்தக் கணக்குதான் இந்த கேமின் உயிர். (ரேடாருக்கு எளிதில் சிக்காத எஃப்-117 என்று ஒரு விமானம் இருப்பதை அமெரிக்க விமானப்படை ஒப்புக்கொண்டதே 1988 நவம்பரில்தான். அதனால் இதில் வரும் விமானத்தின் உருவம் வெறும் ஊகம். ஆனாலும் ஆட்டம் கெடவில்லை.)

இவற்றை விளையாட இன்னொரு காரணம் கேம்பெய்ன், அதாவது பல பறப்புகளாகத் தொடரும் ஒரே போர். 1998 டிசம்பரில் வந்த ஃபால்கன் 4.0-ல் கொரியத் தீபகற்பம் முழுக்க ஒரு போர் நடந்துகொண்டே இருக்கும், நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும். உங்களைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் கேம் முழு நுணுக்கத்தோடு ஓட்டும்; தூரத்தில் நடப்பதைத் தொகுப்பாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அன்றைய கம்ப்யூட்டரில் அது சாத்தியமானது இப்படித்தான். நேற்று நீங்கள் உடைத்த பாலம் இன்றும் உடைந்தே கிடக்கும்.

இனி தொல்லைகள். பெரியது கண்ணுக்குத்தான். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு வந்த பெரும்பாலான கேம்களின் திரை 320 பிக்சல் அகலம், 200 உயரம். பார்வைக் கோணம் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 0.19 டிகிரி. ஸ்பிட்ஃபயரின் இறக்கை 11.2 மீட்டர், மூன்று கிலோமீட்டரில் அது ஒரே ஒரு பிக்சல். அது வருகிறதா போகிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கவாட்டுப் பார்வைக்கும் பின்பார்வைக்கும் தனித்தனிக் கீ. அழுத்தியதும் காட்சி வெட்டி மாறும், அதற்குள் எதிரியைத் தொலைத்துவிடுவீர்கள். எதிரியைப் பூட்டிப் பின்தொடரும் பேட்லாக் பார்வை இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள், அது ஏமாற்று வேலை இல்லை.

அடுத்து ஓட வைப்பது. டாஸ் கேம்கள் எளிது, இன்றைய கம்ப்யூட்டரில் டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும். ஆனால் அது இயல்பாகப் பழைய கேம்களுக்கு 3000 சைக்கிள்ஸ்தான் (அதன் வேக அளவு) கொடுக்கும். 386 என்ற அந்தக் காலத்துப் பிராசஸருக்காக எழுதிய கேமில் படம் திக்கித் திக்கி வரும். 6000-ல் தொடங்கி, கன்ட்ரோலோடு எஃப்12 அழுத்தி மெல்ல ஏற்றுங்கள். ஒரு தட்டுக்குப் பத்து சதவீதம் ஏறும். எஃப்11 இறக்கும். ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், விமானம் ஜாய்ஸ்டிக்குக்கு அடங்காமல் துள்ள ஆரம்பிக்கும்.

கையை எடுத்த பிறகும் விமானம் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனால் ஜாய்ஸ்டிக் பழுது என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து கேம்கள் ஜாய்ஸ்டிக் போர்ட்டைத் திரும்பத் திரும்பப் படித்து, சிக்னல் மாற எத்தனை முறை ஆகிறது என்று எண்ணித்தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தன. கம்ப்யூட்டர் வேகம் மாறினால் எண்ணிக்கையும் மாறும். டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பில் ‘டைம்டு’ என்ற வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, கேமுக்குள் ஜாய்ஸ்டிக்கை மறுபடி காலிப்ரேட் (அளவு சரி) செய்யுங்கள். அதே கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ வரியை ‘ட்ரூ’ ஆக்குங்கள், இல்லாவிட்டால் படம் நசுங்கித் தெரியும்.

உண்மையான தலைவலி 1996 முதல் 2000 வரையான விண்டோஸ் கேம்கள்தான். பலவற்றின் இன்ஸ்டாலர் 16-பிட், 64-பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்புப் பூட்டு போட்ட குறுந்தட்டுகளை விண்டோஸ் 10 ஏற்காது. 3டிஎஃப்எக்ஸ் என்ற பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று எழுதியவற்றுக்கு, அந்தக் கார்டைப் போல நடிக்கும் என்கிளைட் அல்லது டிஜிவூடூ மென்பொருள் வேண்டும். ஆகவே பழைய தட்டைத் தேடி அலையாமல், ஸ்டீம், ஜிஓஜி போன்ற இணையக் கேம் கடைகளில் விற்கும் பதிப்பை வாங்குவதே மேல். மேனுவலும் பெரும்பாலும் பிடிஎஃப்பாகக் கூடவே வரும். பத்து நிமிடத்தில் பறந்துவிடலாம் என்றாலும், அதைப் படிக்காமல் இந்த கேம்களில் தேற முடியாது.

முதலில் தொடங்க, முதல் உலகப் போர் விமானங்களை வைத்து 1990-ல் வந்த ரெட் பேரன் நல்லது. துப்பாக்கி அடைத்துக்கொள்வது, குண்டு தீர்ந்துபோவது போன்ற அமைப்புகளை முதலில் அணைத்துவிட்டு, பழகப் பழக ஒவ்வொன்றாகப் போடுங்கள். புதியவர்கள் எல்லோரும் தூரத்திலிருந்தே சுட்டுக் குண்டைத் தீர்ப்பார்கள். மேலே போட்ட கணக்கையே இங்கே வையுங்கள்: 7.2 மீட்டர் இறக்கை கொண்ட ஃபாக்கர் முத்தட்டு விமானம் 100 மீட்டரில் 22 பிக்சல், அதாவது திரை அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. 50 மீட்டரில் ஏழில் ஒரு பங்கு. அந்த ஏழில் ஒரு பங்கு வரும்வரை விசையில் விரலை வைக்காதீர்கள்.