உறுப்பினர் ஆகிவிட்டால் எங்கும் அகழாய்வு செய்யலாமா?

கேள்வி: தொல்லியலில் முதுகலை முடித்து, சில ஆண்டுகளாக அகழாய்வுகளில் வேலை செய்கிறேன். பிரிட்டனின் தொல்லியலாளர் பட்டய நிறுவனத்தில் (சிஐஎஃப்ஏ) உறுப்பினரானால், மற்ற நாடுகளிலும் அது செல்லுமா?

பதில்: உறுப்பினராவது நல்ல யோசனை. ஆனால் அதை மட்டும் நம்பி விமானம் ஏறிவிடாதீர்கள். தொழில் அமைப்பு உங்கள் திறமைக்குச் சாட்சி சொல்லும். தோண்ட அனுமதி தருவது அந்தந்த நாட்டுச் சட்டம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உங்கள் பெயரிலேயே அரசு உரிமம் வேண்டும். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட தனிநபர் உரிமம் கிடையாது. அங்கே உறுப்பினர் தகுதிக்கு மதிப்பு இருப்பது அதனாலும்தான். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் தகுதி வரையறையோ, பட்டமேற்படிப்போடு குறைந்தது 1 ஆண்டு முழுநேர அனுபவமும், வட அமெரிக்கத் தொல்லியலிலேயே 4 மாதக் கள அனுபவமும் ஆய்வு அனுபவமும் கேட்கிறது. வேறு எங்கே எத்தனை ஆண்டு தோண்டியிருந்தாலும் அந்த 4 மாதம் தனிக் கணக்கு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. மண்ணடுக்கு இடத்துக்கு இடம் மாறும், தவறாகத் தோண்டியதைத் திரும்ப அடுக்கவும் முடியாது.

சரி, சிஐஎஃப்ஏ-வுக்கு வருவோம். 2014-இல் அரச பட்டயம் (பிரிட்டன் முடியரசின் பெயரில் தரப்படும் அங்கீகாரம்) பெற்ற அமைப்பு அது. தொழில்முறை உறுப்பினர்களுக்கு மூன்று நிலைகள் உண்டு. பட்டச் சான்றிதழைவிட, தனியாக எவ்வளவு பொறுப்பு எடுத்தீர்கள், சிக்கலான இடத்தில் எப்படி முடிவெடுத்தீர்கள் என்பதற்கே ஆதாரம் கேட்பார்கள். பலரும் தவிப்பது இங்கேதான். குழியில் நின்று பதிவு செய்தவர் ஒருவர், அறிக்கையில் வருவது இயக்குநர் பெயர். ஆகவே, ஒவ்வொரு களப்பணி முடியும்போதும் எந்தக் குழியை நடத்தினீர்கள், எந்த வரைபடம், எந்தப் பகுதி அறிக்கை உங்களுடையது என்று இயக்குநரிடம் எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் உழைப்பு. களப் பதிவுகளை மட்டும் அனுமதி இல்லாமல் நகலெடுக்காதீர்கள். சேர்ந்த பிறகு அமைப்பின் நடத்தை விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும், மீறினால் புகார் வரும். முன்பின் தெரியாத முதலாளி உங்களை நம்ப அதுவும் ஒரு காரணம்.

முதலில் போக நினைக்கும் நாட்டை முடிவு செய்து, அதன் தொல்லியல் துறைக்கு எழுதி உரிம விதிகளைக் கேளுங்கள். அப்புறம் உறுப்பினர் விண்ணப்பத்தை நிரப்பலாம்.