விளையாடுறதுக்கா இவ்வளவு ஃபீஸ்?

அன்புள்ள சார்,

வணக்கம். மும்பைப் பக்கம் டோம்பிவிலியில் இருக்கிறோம், நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு நாலரை வயது, இந்த ஜூனில் ஜூனியர் கேஜி சேர்ந்தாள். விளையாட்டு வழியாக, குழந்தையே தேடிக் கற்றுக்கொள்ளும் முறை என்று சொன்னார்கள், நம்பிச் சேர்த்தோம், வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கட்டுகிறோம். தீபாவளி லீவு முடிந்தும் அவளுக்கு ஏபிசிடி முழுசாக எழுத வரவில்லை. தினமும் ஈரச் சட்டையோடும் பாக்கெட் நிறையப் புளியங்கொட்டையோடும் வருகிறாள். இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க என்று கேட்டால் "ஒண்ணும் சொல்லித் தரலை, நாங்களேதான் பாத்தோம்" என்கிறாள். எதிர் ஃபிளாட்டில் அதே வயதுப் பையன் நூறு வரை எழுதுகிறான், மூன்றெழுத்து வார்த்தைகளுக்கு ஸ்பெல்லிங் சொல்கிறான். என் மாமியார் திருநெல்வேலிப் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "விளையாடுறதுக்கா இவ்வளவு ஃபீஸ்? கீழ கார்டன்ல சும்மாவே விளையாடலாமே" என்று கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. இது நிஜமாகவே படிப்பா, வியாபாரமா? ஒன்றாம் வகுப்பில் பின்தங்கிவிடுவாளா? பெயர் போட வேண்டாம், அத்தையும் உங்கள் தளத்தை வாசிக்கிறார்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி. கார்டனில் சும்மா விளையாடுவதும் வேண்டும், அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பள்ளிக்கு நீங்கள் கட்டுகிற பணம் ஒரு ஆளுக்காக: குழந்தை விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அது மனசுக்குள் என்ன கணக்குப் போடுகிறது என்று கண்டுபிடித்து, அடுத்து எந்தப் பொருளை அதன் கையில் கொடுக்கலாம் என்று யோசிக்கிற ஆள். அப்படி ஒருவர் வகுப்பில் இருந்தால் நீங்கள் ஏமாறவில்லை. (ஒரு லட்சம் ஜாஸ்திதான், அதில் பாதி மும்பை இடத்து வாடகை என்று எனக்கு ஒரு சந்தேகம்.) அந்த ஆள் இல்லையென்றால் அத்தை சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆவணி அவிட்டம் வருகிற அதே பௌர்ணமியில்தான் இங்கே நாரளி பௌர்ணமி, கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் கொடுக்கிற நாள். அதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு குழந்தை, போட்ட தேங்காய் முங்காமல் மிதந்து திரும்பிக் கரைக்கே வந்துவிட்டது என்று வகுப்பில் சொன்னது. ஏன் முங்கலை என்று டீச்சர் கேட்டார். உருண்டையா இருக்கில்ல, அதான், என்றது ஒன்று. பெரிசா இருக்கு, என்றது இன்னொன்று. சாமிக்கு வேண்டாமாம், என்றது மூன்றாவது. நானாக இருந்தால் அங்கேயே திருத்தியிருப்பேன். அந்த அம்மாள் மூன்றையும் போர்டில் படமாக வரைந்து வைத்துவிட்டு, மறுநாள் ஒரு பெரிய டப்பில் தண்ணீர், ஒரு கூடைச் சாமான், அவ்வளவுதான் ஏற்பாடு. கோலிக்குண்டு உருண்டைதான், போட்டதும் அடியில் போய் உட்கார்ந்தது. உருளைக்கிழங்கைவிடப் பெரிய பூசணிக்காய் மிதந்தது, உருளைக்கிழங்கு முங்கியது, பெரிசுக் கட்சிக்கு ஒரே குஷி. அடுத்து ஒரு சின்ன காலி மாத்திரை டப்பாவை மூடியோடு போட்டார், அதுவும் மிதந்தது, அந்தக் கட்சி அடங்கியது. அப்புறம் ஆரஞ்சு. தோலோடு போட்டால் மிதக்கிறது, உரித்துப் போட்டால் முங்குகிறது. தோலுக்கு உள்பக்கம் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதில் சிக்கிய காற்றுதான் காரணம், ஆனால் வகுப்பில் யாரும் அதைச் சொல்லவில்லை. "சட்டையக் கழட்டினதும் முங்கிடுச்சு" என்று ஒரு பையன் சொன்னான், கொஞ்ச நேரம் கழித்து அவனே, தேங்காய்க்கும் சட்டை இருக்கே என்றான். டீச்சர், நாளைக்கு மட்டையோட ஒண்ணு, உரிச்சது ஒண்ணு கொண்டுவரேன், பாப்போம், என்று சொல்லிவிட்டு டப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடர்த்தி, மிதப்பு விசை என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதெல்லாம் மேல் வகுப்பில் வரும், இந்த ஆரஞ்சைப் பார்த்த பையனுக்கு அப்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

இதில் ஈரச் சட்டை தவிர்க்க முடியாது. ஒரு மாற்று உடை பையில் போட்டு அனுப்புங்கள்.

மொழியும் இதில் சேர்த்தி. மும்பையில் நம் குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ், லிஃப்டில் இந்தி, வேலைக்கு வருகிற பாயியிடம் மராத்தி, பள்ளியில் இங்கிலீஷ். ரைமைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் வாயே திறக்காத ஒரு தமிழ்ப் பையன், கோலிக்குண்டு முங்கியபோது "டூப் கயா" (முங்கிடுச்சு) என்று இந்தியில் கத்தியதைப் பார்த்தேன். கையில் வேலை இருந்தால் எந்த மொழி முன்னால் வருகிறதோ அதில் பேசிவிடுகிறார்கள், டீச்சர் அதை இங்கிலீஷில் ஒருமுறை சொல்கிறார், பையன் திருப்பிச் சொல்கிறான், கதை முடிந்தது.

போலிகளும் நிறைய இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பே வெட்டி வைத்த யானைப் படம், அதில் எல்லாக் குழந்தையும் ஒரே இடத்தில் பஞ்சு ஒட்டவேண்டும், உடனே போட்டோ, உடனே பெற்றோர் வாட்ஸாப் குரூப். மஞ்சள் நாள், சிவப்பு நாள் என்று நமக்குத்தான் சட்டை தேடுகிற வேலை. பொருள் இருக்கிறது, கை வேலை இருக்கிறது, குழந்தை தப்பாக யோசிக்க இடமே இல்லை. இதற்கு எதிர் ஃபிளாட் பையனின் நோட்டே மேல் என்பேன்.

சரி, அந்தப் பையனிடம் வருவோம். நூறு வரை எழுதுவது கைக்குப் பழக்கம், எண்ணிக்கை வேறு. இதைப் போட்டிக்காக அவனிடம் போய்ச் சோதிக்காதீர்கள், உங்கள் மகளிடமே பாருங்கள். பாக்கெட்டில் இருக்கிற புளியங்கொட்டையை எடுத்து, ஆறு ஆறாக இரண்டு வரிசை சமமாக வைத்து, அவள் கண் முன்னாலேயே ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டு, எதில் அதிகம் என்று கேளுங்கள். நாலு வயதில் பெரும்பாலான குழந்தைகள் நீளமான வரிசையைக் காட்டும். ழான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் செய்துகாட்டிய பிரபலமான சோதனை இது, அவள் தப்பாகச் சொன்னால் பதற வேண்டாம். ஆறு என்பது எப்படிப் பரப்பினாலும் ஆறுதான் என்பது எழுதி வருகிற ஞானம் இல்லை, கொட்டையைக் கூட்டி, பிரித்து, அடுக்கி வருவது. அத்தையிடம் பல்லாங்குழி இருக்கும், இல்லையென்றால் ஊரிலிருந்து வரவழையுங்கள். ஒரு குழிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போவதில் ஜூனியர் கேஜி கணக்கில் முக்கால்வாசி வந்துவிடுகிறது.

எழுத்துக்கு ஒரு உடம்புக் காரணமும் உண்டு. பெரியவர்கள் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன, மூன்று வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாக இறுகியிருக்காது, மீதி குருத்தெலும்புதான். களிமண் பிசைவது, ஈரத்துணி பிழிவது, கொட்டையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பொறுக்குவது எல்லாம் பென்சிலுக்கு முந்தைய பாடம். 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும், மூன்று முதல் ஆறு வயது வரை குழந்தைக்குப் பாடப்புத்தகம் வேண்டாம், விளையாட்டு, பொருள்கள், கதை, பாட்டு வழியாகவே போங்கள் என்கிறது. ஆக உங்கள் பள்ளி சொல்வது ஏதோ வெளிநாட்டு ஃபேஷன் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதும் ஓரளவு உண்மைதான். ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1837-இல் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளியை மரக்கட்டைகளும் பந்துகளும் கொடுத்து ஆரம்பித்தார், இத்தாலியின் மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனால் உங்கள் அத்தைக்குச் சொல்லவேண்டிய பெயர் தாராபாய் மோடக். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்ற குழந்தைக் கல்வியாளரோடு வேலை செய்தவர், பிறகு 1945-இல் இதே மேற்குக் கடற்கரையில் போர்டிக்கு வந்து, அங்கிருந்து கோஸ்பாடுக்குப் போனார். இன்றைக்கு டஹாணு லோக்கலில் ஏறினால் அந்தப் பக்கம் போய்விடலாம். ஆதிவாசிக் குழந்தைகள் பால்வாடிக்கு வரவில்லை என்றதும், அவரும் அவரோடு வேலை செய்த அனுதாய் வாக் என்பவரும் குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு. சாமான் என்ன? கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை. ஃபீஸ் இல்லாமல் நடந்தது. எனவே இறக்குமதி செய்த மரப்பொம்மையைக் காட்டி யாராவது பணம் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள், ஆனால் டீச்சருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறோம், ஒரு வகுப்பில் குறைவான குழந்தைகள்தான் என்று சொல்லிக் கேட்டால் அது வேறு.

ஒன்றாம் வகுப்பு பயம். அதை நான் லேசாகச் சொல்லித் தள்ளமாட்டேன். இதே பள்ளியில் தொடர்ந்தால் பெரிய சிக்கல் இல்லை. சீனியர் கேஜி முடிந்து வேறு பள்ளிக்கு மாற்றினால், அங்கே முதல் நாளே போர்டைப் பார்த்து எழுதச் சொல்வார்கள், உங்கள் மகள் மெதுவாகத்தான் எழுதுவாள், டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வரும். அந்தச் சில மாதம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அவளுக்குக் கஷ்டமாவது பெரும்பாலும் நாம் அதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. சீனியர் கேஜியின் பின்பாதியில் தினம் கொஞ்ச நேரம், அவள் பெயர், அத்தை பெயர், கடைச் சாமான் லிஸ்ட் என்று எழுத வையுங்கள், போதும். இதற்கு அத்தையைவிட நல்ல ஆள் டோம்பிவிலியில் கிடைக்கமாட்டார். தமிழ்க் கதைகளையும் அவரே வாசித்துக் காட்டட்டும், அதைப் பள்ளி செய்யப்போவதில்லை.

கடைசியாக ஒரு வேலை. பேரண்ட் டீச்சர் மீட்டிங்குக்குக் காத்திருக்காமல் ஒரு மணி நேரம் வகுப்பில் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள், முடிந்தால் அத்தையை அனுப்புங்கள், தொடக்கப்பள்ளி டீச்சரின் கண்ணுக்கு இதெல்லாம் சட்டென்று தெரிந்துவிடும். அவர் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: ஒரு குழந்தை தப்பாகப் பதில் சொன்னதும் டீச்சர் என்ன செய்கிறார்? திருத்திவிட்டு நகர்கிறாரா, அந்தத் தப்பிலிருந்து அடுத்த கேள்வியைப் போடுகிறாரா? உட்காரவே விடமாட்டோம் என்றால், அடுத்த வருட ஃபீஸ் கட்டுவதற்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.