திரவ ஸ்டாண்டர்டுகளால் (ஐசோடோப்பு மதிப்பு முன்பே தெரிந்த நீர்களால்) காலிபரேட் செய்த லேசர் கருவியை நீராவி ஐசோடோப்பு அளக்கவும் அப்படியே நம்பலாமா?

நம்பாதீர்கள். நான் நம்பி ஒரு முறை நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

கருவிக்குள் போவது எப்போதுமே ஆவிதான். திரவ மாதிரியையும் சூடான ஆவியாக்கிக்குள் ஊசியால் செலுத்தித்தான் அளக்கிறோம். பிறகு ஏன் தனித் திருத்தம் என்று தோன்றுவது நியாயமே. ஆனால் திரவ மாதிரி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே செறிவில், சுமார் 20,000 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 20,000 பங்கு நீராவி), உள்ளே போகிறது. வெளிக்காற்று அப்படியா? ஒரே நாளில் பாதியாகக் குறையும், துருவப் பகுதியில் 1,000க்கும் கீழே இறங்கிவிடும். நீரின் ஐசோடோப்பு விகிதம் துளியும் மாறாவிட்டாலும், செறிவு மாறினால் கருவி காட்டும் டெல்டா (கன ஐசோடோப்பின் விகிதம் பன்னாட்டு ஸ்டாண்டர்டு நீரிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்ற அளவு, குறி ‰) நகரும்.

என் முதல் நீராவித் தரவில் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) மிகை தினமும் மதியம் அழகாக ஏறி இரவில் இறங்கியது. மேலடுக்கின் உலர்காற்று கீழே கலப்பதால்தான் என்று விளக்கமும் எழுதி வைத்துவிட்டேன். உடன் வேலை பார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒரே நீரை வெவ்வேறு ஈரப்பதத்தில் ஓட்டிப் பார்த்தாயா?” ஓட்டித் திருத்தினேன். மதிய ஏற்றத்தில் பாதி காணாமல் போனது. டியூட்டீரியம் டெல்டாவிலிருந்து ஆக்சிஜன்-18 டெல்டாவை 8 மடங்காக்கிக் கழித்தால் வருவதுதான் இந்த மிகை. ஆக்சிஜனில் 0.3‰ பிசகினால் மிகையில் 2.4‰ பிசகும். சின்னப் பிழையைப் பெரிதாக்கிக் காட்ட இதைவிட நல்ல சூத்திரம் கிடையாது!

அதனால் முதல் வேலை, உங்கள் கருவிக்கான ஈரப்பத வளைகோட்டை, அதாவது ஒரே நீரின் டெல்டா செறிவோடு எப்படி நகர்கிறது என்ற கோட்டை, நீங்களே எடுப்பது. அடுத்த ஆய்வகத்தின் கோட்டைக் கடன் வாங்க வேண்டாம், ஒரே மாடலாக இருந்தாலும் கருவிக்குக் கருவி வேறுபடும். நீங்கள் அளக்கப்போகும் செறிவுகள் முழுவதையும் எட்டுப் பத்துப் படிகளில் தொடுங்கள். படிகளை வரிசையாக இறக்காமல் கலைத்துப் போடுங்கள், இல்லையென்றால் கருவியின் மெதுவான நகர்வும் ஈரப்பத விளைவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரே நீரோடு நிறுத்தவும் வேண்டாம். வளைகோட்டின் வடிவமே நீரின் ஐசோடோப்பு மதிப்பைப் பொறுத்து மாறுகிறது, குறிப்பாக உலர்ந்த பக்கத்தில். கொண்டுசெல்லும் வாயுவும் முக்கியம்: வெளிக்காற்றை அளக்கப்போகிறவர் வளைகோட்டை நைட்ரஜனில் எடுக்காமல் உலர்காற்றில் எடுப்பதே நல்லது.

ஸ்டாண்டர்டு ஆவியை எப்படி உண்டாக்குவது? சிறு துளிகளைச் சூடான உலர்காற்றில் முழுக்க ஆவியாக்குவதே என் விருப்பம். ஒரு சொட்டும் மிஞ்சாவிட்டால் ஆவியின் டெல்டாவும் திரவத்தின் டெல்டாவும் ஒன்றே. நீருக்குள் காற்றைக் குமிழியிடும் முறை மலிவு, ஆனால் 25 டிகிரி செல்சியஸில் சமநிலையில் வரும் ஆவி ஆக்சிஜனில் ஏறக்குறைய 9‰, டியூட்டீரியத்தில் 70‰க்கும் மேல் லேசாக, அதாவது கன ஐசோடோப்பு குறைந்ததாக, இருக்கும். வெப்பநிலையைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும், மிஞ்சும் நீரில் கன ஐசோடோப்பு கூடி அது கனத்துக்கொண்டே போவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

திருத்தும் வரிசை: முதலில் ஈரப்பதம், அப்புறம்தான் அளவுகோல். அளவுகோலின் இரு முனைகள் பன்னாட்டு அணுசக்தி முகமை தரும் ஸ்டாண்டர்டு நீர்களான விஎஸ்மோ-2 (இரண்டிலும் 0), ஸ்லாப்-2 (ஆக்சிஜன் −55.5‰, டியூட்டீரியம் −427.5‰). அவற்றை அன்றாடம் செலவழிக்க வேண்டாம். அவற்றோடு ஒப்பிட்டுத் தயாரித்த சொந்த ஸ்டாண்டர்டுகள் இரண்டு, உங்கள் மாதிரிகளை இருபுறமும் அணைக்கிற மாதிரி, போதும். பாதி காலியான பாட்டிலில் மட்டும் அவற்றை வைக்காதீர்கள், கசிந்து ஆவியாகி மெல்லக் கனத்துவிடும்.

நீர் மாற்றும்போது முந்தைய நீரின் நினைவு குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும், டியூட்டீரியத்தில் இன்னும் நீண்ட நேரம். திரவமானால் முதல் சில ஊசிகளைத் தள்ளிவிடுங்கள். ஆவியானால் அளவு தட்டையாகும்வரை காத்திருங்கள். காற்றை உறிஞ்சும் குழாயைச் சூடாகவே வையுங்கள், உள்ளே பனித்துவிட்டால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது.

கடைசியாக, திருத்தம் சரியா என்று பார்க்க, மதிப்பு தெரிந்த மூன்றாவது நீர் ஒன்றைத் திருத்தத்தில் சேர்க்காமல், தெரியாத மாதிரி போல ஓட்டுங்கள். வெளிக்காற்றின் செறிவிலேயே ஓட்டுங்கள், வசதியான 20,000 பிபிஎம்மில் அல்ல.